குளிரில் நிரப்பிய ரவைகளும் ஹர்தங்கர்வித்தாவின் வெயிலும்

நோர்வேயின் ஹர்தங்கர்வித்தா மலைமேட்டுக்குக் கலைமான் வேட்டைக்கு எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், எந்த வெடிமருந்து போட்ட ரவைகளைக் கொண்டு போகலாம் என்று இந்த வருடம் மட்டும் ஆறு பேர் எழுதிக் கேட்டுவிட்டார்கள். மூன்று பேர் ஒஸ்லோ, இரண்டு பேர் பேர்கன், ஒருவர் தொரந்தைம். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். வழியைச் சொல்லலாம், செலவையும் சொல்லலாம். ரவையைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் 2006 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்லாமல் முடியாது. அதை இரண்டு வருடமாக எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி அறியாதவர்களுக்கு: நான் திருகோணமலை. ஒஸ்லோவில் பஸ் திருத்தும் கராஜில் வேலை, வீடு பியோர்ண்டாலில். 1998இல் வேட்டைப் பரீட்சை எழுதி அட்டை எடுத்தேன். கடையில் விற்கும் தோட்டாக்கள் விலை கூட என்பதால் நானே நிரப்பப் பழகினேன். தோட்டாவை எங்கள் பக்கத்தில் ரவை என்போம். பித்தளைக் கோது, அதன் அடியில் ஊசி அடிக்கும் சின்னப் ப்ரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. மருந்து எரிந்து வரும் வாயுதான் குண்டைத் தள்ளுகிறது. மருந்து கூடினால் அமுக்கமும் கூடும். இந்த வேலையின் முழுக் கணக்கும் இவ்வளவுதான். பிழைத்தாலும் இந்த இடத்தில்தான் பிழைக்கும்.

2005 ஒக்டோபரில் ஓஸ்தர்தாலனில் எல்க் வேட்டை. எல்க் என்றால் குதிரையைவிடப் பெரிய காட்டு மான். காலையில் மைனஸ் 17. நூற்றுப்பத்து மீற்றரில் நின்ற பெரிய ஆணுக்கு நான் வைத்த வெடி காலுக்கடியில் பனியைக் கிளப்பியது. பிறகு அளந்து பார்த்தபோது, கோடையில் ஒழுங்காகச் சுட்ட அதே ரவை குளிரில் வேகம் விழுந்து கிடந்தது. நான் பாவித்த மருந்து நைட்ரோகிளிசரின் கலந்தது. வேகம் தரும். ஆனால் வெப்பம் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். எனக்கு அது தெரியும், வாசித்திருக்கிறேன். ஆனாலும் வீட்டில் அதில் ஒன்றரை டப்பா மிச்சம் இருந்தது.

அடுத்த பெப்ரவரியில், மைனஸ் 16இல், சுடுதிடலில் வேகமானியை வைத்துக்கொண்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். செக்கனுக்கு 756 மீற்றர் காட்டியது. கோடையில் வந்த 790 வரும்வரை கூட்டிக்கொண்டே போனேன். மருந்து எத்தனை கிரெயின் எடை என்று எழுதமாட்டேன். யாராவது அதை எடுத்து அப்படியே போட்டுவிடுவார்கள். அந்தக் குளிரில், துப்பாக்கியின் பின்பக்கத்தைப் பூட்டும் போல்ட் லேசாகத் திறந்தது, ப்ரைமரும் ஒழுங்காக இருந்தது. அமுக்கம் கூடினால் இவைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். திருப்தியோடு அறுபது ரவை நிரப்பினேன்.

பாஸ்கரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனி ஒன்றில் பொறியியலாளர், ஊர் திருநெல்வேலி, அப்போது முப்பத்துநாலு வயது. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இரண்டு கிழமை கடலில் எண்ணெய் மேடையில் வேலை, நாலு கிழமை வீட்டில். அந்த நாலு கிழமையில் சும்மா இருக்கமுடியாமல் வேட்டைப் பரீட்சை எழுதியவர். ஒரு தமிழ் விழாவில் சந்தித்தோம். அவருடைய முதல் துப்பாக்கியைத் தெரிவு செய்ததும் நான்தான். பழைய இராணுவத் துவக்கு ஒன்றை யாரோ வேட்டைக்கு மாற்றியமைத்தது, 2,400 குரோனர். என்னுடையதும் அதே அளவு ரவை சுடும். ஆனால் என்னுடையது புதிய வகை, கூடுதல் அமுக்கம் தாங்கும். அவருடையது நூறு வருடத்துக்கு முந்திய அமைப்பு. வாயு பின்னால் வந்தால் அதை வெளியே திருப்பிவிட அதில் ஒழுங்கான வழி இல்லை. இதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

ஆகஸ்ட் 23, புதன்கிழமை. பாஸ்கர் முதல் நாளே ரயிலில் வந்துவிட்டார். காலை 7.30க்குப் பியோர்ண்டாலில் இருந்து காரில் புறப்பட்டோம். ஹொனஃபோஸ், கோல், கெய்லோ என்று ஏழாம் இலக்கப் பாதை. கெய்லோவில் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம் நின்றோம். அனுமதி அட்டை ஆளுக்கு 2,900 குரோனர், தங்கும் கல் குடில் இரவுக்கு 300. கெய்லோவைத் தாண்டினால் மரங்கள் முடிந்துவிடும். பிறகு கல்லும் பாசியும் தண்ணீரும்தான்.

ஹொனஃபோஸ் தாண்டியதும் பாஸ்கர் கேட்டார்.

"அண்ணே, தோட்டா எனக்கும் சேர்த்துக் கொண்டாந்திருக்கீங்களா?"

"ஓம். இருவது ரவை உங்களுக்கு எண்டு தனியா வைச்சிருக்கிறன்."

"ரவைன்னா எங்களுக்கு உப்புமாண்ணே," என்று சிரித்தார். ஒவ்வொரு முறையும் சொல்லும் பகிடிதான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "குளிர்ல டெஸ்ட் பண்ணேன்னு சொன்னீங்கல்ல? வெயில்ல சுட்டுப் பாத்தீங்களா? இன்னிக்கே இருபது டிகிரி வரும் போலிருக்கே," என்றார்.

"ஓம், பாத்தனான். பிரச்சினை இல்லை."

நான் பார்க்கவில்லை. ஜூன் முழுவதும் மேலதிக வேலை, ஜூலையில் சுடுதிடல் பூட்டு, ஆகஸ்டில் மறந்துவிட்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால் கெய்லோவில் இருநூறு குரோனருக்குக் கடைத் தோட்டா ஒரு பெட்டி வாங்கியிருப்போம். பல மாதமாக இந்த விஷயத்தில் எல்லாம் தெரிந்தவன்போல அவரிடம் கதைத்து வந்தவன் நான். அந்த ஒரு இடத்தில் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

டீரனுட் தாண்டிக் கற்பாதையில் திரும்பி, டின்ஹோலன் ஏரியடியில் காரை நிறுத்தினோம். மீட்டரில் 287 கிலோமீற்றர். மணி 12.50. அங்கிருந்து நடை, ஒன்பது கிலோமீற்றர். முதுகில் இருபத்திரண்டு கிலோ, மூன்று மணித்தியாலம் இருபது நிமிடம். பாதை கடினமில்லை. ஆனால் இரண்டு ஓடைகளைக் கடக்கவேண்டும், முழங்கால்வரை தண்ணீர். கைத்தொலைபேசிக்குக் குடிலில் சிக்னல் கிடையாது. தெற்கே ஒரு மேட்டில் ஏறினால் ஒரு கோடு வரும்.

வியாழன் விடியற்காலை, தண்ணீர் வாளியில் மெல்லிய பனிக்கட்டி. பாஸ்கர் என் ரவையில் இரண்டை ஒரு கல்லை நோக்கிச் சுட்டு, குறி சரியா என்று பார்த்தார். சரியாகப் பட்டது.

"போல்ட் கொஞ்சம் இறுக்கமா இருக்குண்ணே."

"புதுக் கோது. அப்பிடித்தான் இருக்கும்."

மைனஸ் ஒன்றிலேயே இறுக்கம். அந்த இடத்தில் நான் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கவேண்டும். அன்று முழுவதும் நடந்தோம். மான் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணியில் இருந்து ஒரு பாறை முகட்டில் கிடந்தோம். காற்றே இல்லை. இரண்டு மணிக்கு என் பையில் தொங்கும் வெப்பமானி நிழலில் 23 பாகை காட்டியது. பாஸ்கரின் துவக்கு வெயிலில் பாறைமேல் கிடந்தது, குழல் தொட்டால் சுடும். ஐந்து ரவைகளைப் பிடியில் உள்ள பட்டியில் செருகி வைத்திருந்தார். அவையும் மூன்று மணித்தியாலம் அதே வெயிலில்தான் கிடந்தன.

2.05க்கு மேற்கிலிருந்து நாற்பது மான்வரை வந்தன. பாஸ்கருக்கு நூற்றுநாற்பது மீற்றரில் ஓர் ஆண் பக்கவாட்டில் நின்றது. அவர் அவசரப்படவில்லை. நன்றாக மூச்சு விட்டு, நின்று, சுட்டார்.

சத்தம் வேறாக இருந்தது. குழல் முனையில் வரவேண்டிய சத்தம் எனக்குப் பக்கத்தில் வந்தது. பாஸ்கர் துவக்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு முழந்தாளில் இருந்தார். கத்தவில்லை. "அய்யோ" என்று மெல்ல ஒருதரம் சொன்னார், அவ்வளவுதான். கையை எடுத்துப் பார்த்தேன். வலக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு, இமை கிழிந்திருந்தது, கன்னத்தில் பித்தளைத் துணுக்குகள். இடக் கண் சிவந்து மூடியிருந்தது. ப்ரைமர் துளைபட்டு, வாயு போல்ட் வழியே நேரே அவர் முகத்துக்கு வந்திருக்கிறது.

"அண்ணே, கண்ணு இருக்கா?"

"இருக்கு."

"பாத்துச் சொல்லுங்க."

"இருக்கு, பாஸ்கர். கை வைக்காதேங்கோ. கசக்க வேண்டாம்."

எனக்கு உண்மையில் தெரியாது. இரத்தத்துக்குள் எதையும் பார்க்க முடியவில்லை. சுத்தமான கட்டுத்துணியை இரண்டு கண்ணுக்கும் மேலாக, அழுத்தாமல், தளர்வாகச் சுற்றினேன். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும் என்பதால் இரண்டையும் மூடவேண்டும் என்று கராஜில் முதலுதவி வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். பிறகு சிக்னல் மேட்டுக்கு ஓடவேண்டும். எழும்பும்போது என் காற்சட்டையைப் பிடித்தார்.

"எங்க போறீங்க?"

"போன் பண்ண. பதினைஞ்சு நிமிசத்தில வந்திடுவன்."

"எனக்கு ஒண்ணும் தெரியலைண்ணே. விட்டுட்டுப் போகாதீங்க."

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவருடைய கைக்குள் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து, அதைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னேன். அந்த மேட்டில் ஏறி அவசர இலக்கம் 113க்கு அழைத்து, வரைபடத்தில் இடத்தை வாசித்துக் காட்டித் திரும்ப இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. போத்தலைப் பிடித்தபடி அதே இடத்தில் இருந்தார்.

ஹெலிகொப்டர் 3.50க்கு வந்தது. டொக்டர் ஒரு பெண். கட்டைச் சற்று விலக்கிப் பார்த்துவிட்டு மூடினார். பேர்கனுக்குக் கொண்டு போகிறோம், உங்களுக்கு இடமில்லை என்றார். நான்கு மணிக்கு அந்த மலையில் நான் தனியாக, இரண்டு துவக்குகளோடு நின்றேன்.

மானும் அடிபட்டிருந்தது. அது நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பாசியில் இரத்தத்தோடு பச்சையாய் இரைப்பைக் கசிவு. வயிற்றில் பட்டிருக்கிறது. ஏன் அங்கே பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அடிபட்ட விலங்கைத் தேடுவது இங்கே சட்டப்படி கடமை. சட்டம் இல்லாவிட்டாலும் அதை அப்படியே விட்டுப் போக முடியாது. மலைக் காவலருக்கு அறிவித்துவிட்டு 8.30 வரை, வெளிச்சம் போகுமட்டும் தேடினேன். கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை 6.30க்குக் காவலர் ஒலாவ் நாயோடு வந்தார். அறுபது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். நாய் இரண்டு மணித்தியாலம் இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டரைக் கிலோமீற்றர் தள்ளி, சிறு குளத்தின் ஓரத்தில் அது படுத்திருந்தது. உயிரோடு. முழு இரவும் அப்படியே கிடந்திருக்கிறது. எங்களைக் கண்டதும் முன்கால்களை ஊன்ற முயன்றது, பின்பக்கம் எழவில்லை.

"நீங்கள்தான் சுடவேண்டும்," என்றார் ஒலாவ். "உங்கள் கூட்டாளி சுட்டது."

என் துவக்கை எடுத்தேன். சட்டைப்பையில் என் ரவைகள். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். உள்ளே போட முடியவில்லை. ஒலாவ் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். தன் பையிலிருந்து கடைத் தோட்டா ஒன்றை எடுத்து நீட்டினார். நல்ல வேளை, அதே அளவு. அதைப் போட்டு இருபது மீற்றரில் சுட்டேன். முடிந்தது.

"எந்த மாதம் நிரப்பினீர்கள்?" என்று பிறகு கேட்டார்.

"பெப்ரவரி."

கத்தியை எடுத்து மானைத் துப்புரவாக்கத் தொடங்கினார். இறைச்சி பழுதாகிவிட்டது. பெரும்பகுதியை அங்கேயே விட்டோம்.

டின்ஹோலனில் காரடியில் பொலிஸ்காரர் ஒருவர் காத்திருந்தார். பாஸ்கரின் துவக்கையும் மிச்சமிருந்த பதினேழு ரவைகளையும் எடுத்துக்கொண்டார். துவக்கின் போல்ட்டைத் திறக்கவே முடியவில்லை. யார் நிரப்பியது என்றார். நான் என்றேன். வெயிலில் சுட்டுப் பார்த்தீர்களா என்றார். இல்லை என்றேன். கேள்வி ஒன்றுதான், மூன்று நாளைக்கு முன் காரில் கேட்டதேதான். இந்த முறை உண்மையைச் சொன்னேன். என் துவக்கையும் வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து பேர்கன் 190 கிலோமீற்றர். ஏய்ஃப்யோர்டுக்கு இறங்கி, ப்ரிம்னெஸில் படகேறி, வொஸ் வழியாக. நாலு மணித்தியாலம். அழகான பாதை என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அதில் எதுவும் ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் ஒரு தமிழ்ப் பிள்ளை தாதியாக நின்றாள். பேர்கனில் பிறந்தவளாம். "அங்கிள், நீங்கள் அவரின்ர போரோரெண்டெயா? சொந்தக்காரர் எண்டால்தான் நான் ஏதும் சொல்லலாம்," என்றாள். இல்லை என்றேன். "அப்ப அவரின்ர மனுசி வந்திருக்கிறா, அவவோட கதையுங்கோ. அங்கை, கொரிடோரில."

பாஸ்கரின் மனைவி கவிதா காலை பஸ்ஸில் ஸ்தவாங்கரிலிருந்து வந்திருந்தார். எங்கள் வீட்டில் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"யாரு லோட் பண்ணது?"

"நான்தான்."

"நல்லா இருக்குன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?"

"ஓம். வெயிலில சுட்டுப் பாத்தனான் எண்டு பாஸ்கரிட்டைச் சொன்னனான். பாக்கேல்லை. பொய்."

தன் கைப்பையை மடிக்கு இழுத்தார். "இன்னிக்கு உள்ள போகாதீங்க," என்றார். பிறகு, "அவரு உங்களைப் பத்தித்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. மலையில தனியா இருப்பாரு, எப்படி எறங்குவாருன்னு." அதைச் சொல்லும்போதுதான் அவர் அழுதார்.

ஞாயிறு காலை பாஸ்கரே வரச் சொன்னார். வலக் கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து கட்டுப்போட்டிருந்தது. இடக் கண் தப்பிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னமே, "கவிதாகிட்ட எல்லாம் சொல்லிட்டீங்களாமே," என்றார்.

"ஓம்."

"சரி."

அரைமணித்தியாலம் இருந்தேன். போகும்போது அவருடைய கையைத் தொட்டேன். இழுத்துக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை.

வலக் கண்ணில் இப்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். எண்ணெய் மேடைக்குப் போகும் உடற்தகுதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. கம்பனி ஸ்தவாங்கர் அலுவலகத்தில் மேசை வேலை கொடுத்திருக்கிறது. பொலிசிடமிருந்து துவக்கை அவர் திரும்ப வாங்கவில்லை. எனக்கு அபராதம், ஒரு வருடம் துவக்கு இல்லை. இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்தால் என் பக்கம் ஒன்றுமே இல்லை.

துவக்கு திரும்பி வந்த பிறகு, செய்திருக்கவேண்டியதைச் செய்தேன். அதே மருந்தில், பழைய அளவைவிட நன்றாகக் குறைத்து, பத்து ரவை. வெப்பநிலைக்கு அதிகம் அசையாது என்று சொல்லப்படும் வேறொரு மருந்தில் பத்து. போன குளிர்காலம் மைனஸ் 14இலும் இந்த ஜூலையில் 24 பாகையிலும் சுட்டேன். என் பழைய மருந்தின் வேகத்தில் 47 மீற்றர் வித்தியாசம். மற்றதில் 9. இரண்டு டப்பாவும் ஒரே விலை. பழைய மருந்தின் மிச்சத்தை வெறும் நிலத்தில் மெல்லிய கோடாகக் கொட்டி எரித்துவிட்டேன். அது வெடிக்காது, சும்மா மஞ்சளாக எரிந்து போகும்.

போகிறவர்களுக்குச் சொல்லக்கூடியது இது. நோர்வேயில் ஒரே துவக்கோடு ஆகஸ்ட் வெயிலுக்கும், மேற்குக் கரையின் மழைக்கும், ஃபின்மார்க்கின் மைனஸ் 25க்கும் போகிறோம். குளிரில் வேகம் குறைந்தால் குறையட்டும், கிட்டப் போய்ச் சுடுங்கள். மருந்தைக் கூட்டி அதைச் சரிசெய்யாதீர்கள். அளவைத் தீர்மானிப்பது நீங்கள் சுடப்போகும் ஆகக் கூடிய வெப்பத்தில். குறி பார்ப்பது வேட்டைக்குப் போகும் குளிரில். வெப்பத்துக்கு அசையாத மருந்து என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் உங்கள் துவக்கில், உங்கள் கோதில் சுட்டுப் பார்க்கும்வரை நம்பாதீர்கள். ரவையைப் பையில் நிழலில் வையுங்கள், பாறையிலோ காரின் முன்கண்ணாடிக்குக் கீழோ வேண்டாம். போல்ட் இறுகினால் அன்றைக்கு அந்த ரவை முடிந்தது, காரணம் தேடாதீர்கள். பழைய துவக்கு என்றால் கடைத் தோட்டாதான், அதிலும் அந்தத் துவக்குக்கு ஏற்றதுதான். பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், சுடுதிடலில் மட்டுமல்ல, மலையிலும். நீங்கள் நிரப்பியதை இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள். யாராவது சுட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால், பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள்.

டின்ஹோலன் பாதை பெரும்பாலும் ஜூலையில்தான் திறக்கும். இரண்டு ஓடைகளுக்கும் உயரச் சப்பாத்து வேண்டும். தொலைபேசிக்கு எந்த மேட்டில் ஏறவேண்டும் என்பதை முதல் நாளே பார்த்து வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

இதை வெளியிட முன்பு பாஸ்கருக்கு அனுப்பினேன். அவருக்கு விருப்பமில்லை என்றால் போடமாட்டேன் என்று எழுதினேன். ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் அழைத்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் குரலைக் கேட்கிறேன்.

"படிச்சேண்ணே. ஒத்தக் கண்ணுல எழுத்தைப் பெருசாக்கித்தான் படிக்க முடியுது, அதான் லேட்டு. போடுங்க, பேரையும் மாத்த வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லணும்."

"சொல்லுங்கோ."

"மூணு எடத்துல விபத்துன்னு எழுதியிருக்கீங்க. அதை எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன்.